பட்டறைக் கத்தியா, கடைக் கத்தியா?

கத்தியின் தரத்தை அது செய்யும் வேலையைக் கொண்டே அளக்க வேண்டும். மலையகத்தில் அந்த வேலைகளில் கடினமானது கவ்வாத்து. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டி இறக்கும்போது, விரல் தடிப்புள்ள கிளை ஒரே வீச்சில் சாய்வாக அறுபட வேண்டும். வெட்டு பிசிறினால் பட்டை கிழிந்து நீர் தேங்கும், கிளை அழுகிக் கீழ்நோக்கிக் காயும்.

இந்த வேலைக்குக் கொல்லர் அடித்த கத்தியே என் தெரிவு. ஏறத்தாழ 0.6 சதவீதம் கரிமம் உள்ள பழைய லொறி ஸ்பிரிங் பட்டையை அவர் உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைத்து, காந்தம் ஒட்டாத சூட்டைத் தாண்டியதும் எண்ணெயில் தோய்க்கிறார். அப்போது அது கடினமாக இருந்தாலும் எளிதில் நொறுங்கும். ஆகவே முதுகுப் பக்கமாக மீண்டும் இளஞ்சூடு காட்டுகிறார். தேய்த்து வெளுத்த உருக்கின் மேல் சூட்டின் நிறங்கள், வெட்டும் விளிம்பான வாயை நோக்கி மெல்ல நகர்கின்றன. முதுகில் நீலமும் வாயில் வைக்கோல் மஞ்சளும் நிற்கும் கணத்தில் சூட்டை நிறுத்துகிறார். முதுகு அதிர்ச்சியைத் தாங்கவும் வாய் கூர்மையைக் காக்கவும் இதுவே காரணம். அச்சில் வெட்டிய மலிவான ஆலைக் கத்தியில் இந்த வேறுபாடு இல்லை, அலகு முழுவதும் ஒரே கடினம்தான்.

இந்த மண்ணுக்கு உலை புதிதுமல்ல. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில் முற்காலத்தவர் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கியதை, ஆய்வாளர் கில் ஜூலெஃப் 1996இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்.

சமையலறையில் நிலை வேறு. தேசிக்காயும் அன்னாசியும் நறுக்கினால் பட்டறைக் கத்தி கறுத்துப்போகும். குரோமியம் கலந்த துருப்பிடிக்காத கத்தியே அங்கு வசதி.

கத்தரிக்கோலில் முடிவு சொல்வது கடினம். அதன் இரு அலகுகளும் சற்றே வளைந்திருப்பதால், மூடும்போது ஒரே புள்ளியில் உரசியபடி நுனிவரை செல்கின்றன. அந்த வளைவைக் கையால் அமைப்பது கொல்லருக்குப் பெரும் சோதனை. வீட்டுத் தையலுக்கு ஆலைக் கத்தரிக்கோல் போதும். நாள் முழுவதும் துணி வெட்டும் தையற்காரர், ஆணி தளர்ந்தால் தட்டி இறுக்கித் தரும் கொல்லரிடமே வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. பனியும் மழையும் ஓயாத நுவரெலியா போன்ற இடங்களில், பட்டறைக் கத்தியைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வைக்காவிட்டால் மறுநாளே செந்துரு படிந்துவிடும். அந்தப் பராமரிப்புக்கு இயலாதவர் கடைக் கத்தியை வாங்குவதே நல்லது.