மாய்ஸ்சரைசர் டப்பாவின் பின்பக்கம்: சில வருடங்களாகப் படித்தும் பூசியும் பார்த்தது

எனக்கு வறண்ட சருமம். ஏசி அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் மதியத்துக்கு மேல் மூக்கின் ஓரத்திலும் வாயைச் சுற்றியும் இழுக்க ஆரம்பித்துவிடும், சிரித்தால் தெரியும் அந்த இழுப்பு. அதனால் ஜெல், லோஷன், கெட்டி க்ரீம், வெறும் பெட்ரோலியம் ஜெல்லி என்று எல்லா வகையையும் டப்பா காலியாகும் வரை போட்டுப் பார்த்திருக்கிறேன். எந்த பிராண்ட் நல்லது என்று இங்கே சொல்லப்போவதில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால், அந்த க்ரீம் நம் முகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வாங்கும் முன்பே பெருமளவு ஊகித்துவிடலாம். அது எனக்கு எப்படிப் பிடிபட்டது, எந்தப் பொருள் என் தோலில் என்ன செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. மாய்ஸ்சரைசரில் இருக்கும் பொருட்கள் மூன்று வேலைகளில் ஏதாவது ஒன்றைச் செய்கின்றன. நீரை இழுத்து வைப்பவை ஹியூமெக்டன்ட்: கிளிசரின், யூரியா, ஹயலூரோனிக் ஆசிட், சார்பிட்டால், பான்தெனால், சோடியம் பிசிஏ எல்லாம் இதில் வரும். சொரசொரப்பை நிரவி மிருதுவாக்குபவை எமோலியன்ட்: ஸ்குவாலேன், ஷியா பட்டர், செட்டில் ஆல்கஹால், காப்ரிலிக்/காப்ரிக் ட்ரைகிளிசரைடு போன்றவை. மேலே படலமாக உட்கார்ந்து, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பவை அக்ளூசிவ்: பெட்ரோலேட்டம், மினரல் ஆயில், தேன்மெழுகு, லானோலின், ஓரளவுக்கு டைமெதிகோன். சில பொருட்கள் இரண்டு வேலையும் பார்க்கும், கோடு அவ்வளவு கறாரானது இல்லை. ஆனால் ஒரு பட்டியலில் இந்த மூன்றில் எது அதிகம், எது பேருக்கு மட்டும் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி விஷயம் முடிந்தது.

அதிகம், குறைவு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலான நாடுகளில் விதி ஒன்றுதான்: எடை அதிகமானது முதலில், குறைவானது பின்னால். 1 சதவீதத்துக்கும் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இந்தச் சலுகையில்தான் விளம்பரத்துக்கு இடம் கிடைக்கிறது, முன்பக்கம் பெரிய எழுத்தில் வரும் அபூர்வப் பூவின் சாறு, 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றில் முதல் ஆளாக வந்து நிற்கும், ஏதோ நிறைய இருப்பதுபோல. அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு எனக்கு ரொம்ப உதவும் அடையாளம் ஃபீனாக்சிஎத்தனால். இது க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு உச்சவரம்பு 1 சதவீதம். ஆகவே அந்த விதிப்படி தயாரான ஒரு க்ரீமில் இதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. கார்போமர், சாந்தன் கம் மாதிரி கெட்டிப்படுத்தும் பொருட்களும் பொதுவாக அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் தப்பான முடிவுக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு பொருளும் வேலை செய்ய வேண்டிய அளவு வேறு. நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) 2 முதல் 5 சதவீதம் இருந்தால்தான் ஆய்வுகளில் பார்த்த பலனை எதிர்பார்க்கலாம், அது ஃபீனாக்சிஎத்தனாலுக்குப் பின்னால் இருந்தால் முன்பக்கம் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் நான் அதற்காகக் காசு கொடுப்பதில்லை. ஹயலூரோனிக் ஆசிட் அப்படி இல்லை. பெரிய மூலக்கூறு வகையை 1 சதவீதம் கரைத்தாலே தண்ணீர் கெட்டி ஜெல்லாகிவிடும், அதனால் அது பட்டியலின் கடைசியில் இருப்பது இயல்பு. செரமைடும் (தோலிலேயே இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு) அநேகமாக எல்லா க்ரீமிலும் கடைசிப் பக்கம்தான். வரிசையில் எங்கே இருக்கிறது என்பதோடு, அந்தப் பொருளுக்கு எவ்வளவு தேவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக வரும்.

சரி, நேரில் பார்த்த ஒரு ஒப்பீட்டுக்கு வருகிறேன். என்னிடம் ஒரே சமயத்தில் இரண்டு இருந்தன. முதலாவது நீல நிற ஜெல். பட்டியல்: நீர், டைமெதிகோன், கிளிசரின், ஒரு கெட்டிப்படுத்தும் பாலிமர், ஃபீனாக்சிஎத்தனால், அதற்குப் பின் சோடியம் ஹயலூரோனேட், வாசனை, நிறம். இரண்டாவது வெள்ளை க்ரீம்: நீர், கிளிசரின், பெட்ரோலேட்டம், செட்டரைல் ஆல்கஹால், காப்ரிலிக்/காப்ரிக் ட்ரைகிளிசரைடு, டைமெதிகோன், அப்புறம் செரமைடுகள், கொலஸ்ட்ரால், பதப்படுத்திகள். காலையில் ஒரு கன்னத்தில் இது, மறு கன்னத்தில் அது என்று கொஞ்ச காலம் பூசினேன். பூசிய உடனே ஜெல்தான் ஜெயிக்கும், குளிர்ச்சி, பட்டு மாதிரி வழுக்கல், பிசுக்கே இல்லை. அந்த வழுக்கல் டைமெதிகோன் தருவது. க்ரீம் பூசிய பக்கம் கால் மணி நேரம் பளபளவென்று இருக்கும், தலையணை உறை ஒட்டும். மதியம் மூன்று மணிக்குக் கண்ணாடியில் பார்த்தால் கதை மாறியிருக்கும். ஜெல் பக்கம் மூக்கோரம் வெள்ளையாகச் செதில், தொட்டால் இழுப்பு. க்ரீம் பக்கம் காலையில் விட்ட மாதிரியே.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை, பட்டியலிலேயே இருக்கிறது. ஜெல்லில் நீர் போக, தங்கி நிற்கும் பொருட்கள் குறைவு, எண்ணெய் வகை ஏதும் இல்லை, காற்றில் ஈரப்பதம் குறைந்த அறையில் மேலே பூசிய நீர் ஆவியானதும் மிச்சமிருப்பது மெல்லிய சிலிகோன் படலம்தான். பெட்ரோலேட்டம் அப்படியே பூசினால் தோல் வழியே நீர் வெளியேறுவதை 98 சதவீதம் வரை தடுக்கும் என்று அளந்திருக்கிறார்கள். க்ரீமில் அது கொஞ்சம்தான் இருக்கும், அவ்வளவு வராது, ஆனாலும் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. எண்ணெய்ப் பசை சருமம் உள்ள என் தோழியிடம் அதே ஜெல்லைக் கொடுத்தேன், அவளுக்கு அதுதான் பிடித்தது, அந்த க்ரீமைப் பூசினால் நெற்றி வழிகிறது என்றாள். அவள் தோலே தேவையான எண்ணெயைச் சுரந்துகொள்கிறது, அவளுக்கு நீர் பிடிக்கும் பொருளும் லேசான படலமும் போதும்.

கிளிசரினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் மதிப்பதில்லை. விலை குறைந்த, பழைய பொருள் என்பதால் முன்பக்கத்தில் அதன் பெயரே வராது. ஆனால் ஈரப்பதம் விஷயத்தில் இவ்வளவு ஆராய்ச்சி நடந்த பொருள் வேறு சொற்பம். அது சின்ன மூலக்கூறு, மேல்தோலுக்குள் இறங்கும், செல்களின் சவ்வில் இருக்கும் அக்வாபோரின்-3 என்ற வாய்க்கால் வழியாகவே போய் வரும். ஹயலூரோனிக் ஆசிடின் பெரிய மூலக்கூறு மேற்பரப்பிலேயே நின்று படலமாகும், உடனே ஒரு மொழுமொழுப்பு கிடைக்கும், அதுவும் நல்லதுதான். ஆனால் எனக்கு நாலைந்து மணி நேரம் தாங்கியதெல்லாம் கிளிசரின் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்த க்ரீம்கள்தான். ரொம்ப அதிகமானால் பிசுபிசுக்கும், அந்த ஒரு குறை உண்டு. ஹயலூரோனிக் சீரம் மட்டும் பூசி மேலே எதுவும் போடாமல் விட்ட நாட்களில் முகம் முன்னைவிட இழுத்தது. இப்போது அதைப் பூசினால் முகம் ஈரமாக இருக்கும்போதே பூசி, உடனே மேலே க்ரீம் போட்டுவிடுகிறேன்.

செரமைடு. மேல்தோலின் வெளி அடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி என்று தோல் மருத்துவர்கள் விளக்குவார்கள்: காய்ந்த செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு பூச்சு. அந்தக் கொழுப்பில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி செரமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். அதனால் செரமைடு என்று மட்டும் எழுதியிருப்பதைவிட, பட்டியலில் கொலஸ்ட்ராலும் ஏதாவது ஒரு கொழுப்பு அமிலமும் கூடவே இருக்கிறதா என்று பார்ப்பது உபயோகம். செரமைடு என்பி, ஏபி, இஓபி என்று பெயர்கள் வரும், வேறு வேறு வகை, குழம்ப வேண்டாம். என் அனுபவத்தில் இதன் பலன் உடனே தெரிவதில்லை. ஒரு டப்பா முடியும் தருவாயில்தான், முகம் கழுவிய பிறகு வரும் எரிச்சல் குறைந்திருப்பதைக் கவனித்தேன். அந்த க்ரீமில் பெட்ரோலேட்டமும் கிளிசரினும் தாராளமாக இருந்தன என்பதால் முழுப் பெருமையையும் செரமைடுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

யூரியாவைப் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் ஈரம் பிடிக்கும் பொருட்களில் அதுவும் ஒன்று, க்ரீமில் போடுவது ஆலையில் தயாரிப்பது. 5, 10 சதவீத அளவில் ஈரம் பிடிக்கும், 20க்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைத்து உதிர்க்கும், அதனால்தான் 40 சதவீதம் எல்லாம் நகத்துக்கும் தடித்த பாதத்துக்கும் மட்டும். குதிகாலில் 10 சதவீத யூரியா க்ரீமை இரவில் பூசி மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவி சாக்ஸ் போட்டுப் படுத்ததில் கிடைத்த வித்தியாசம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை, படுக்கை விரிப்பில் உரசும் சத்தமே நின்றுபோனது. வெடிப்பில் பட்டால் எரியும், வெடிப்பு ஆறும் வரை வெறும் ஜெல்லி மட்டும் பூசுவது நல்லது.

அடுத்தது வாசனை, இதில் எனக்குக் கோபம் உண்டு. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு க்ரீம் திடீரென்று கண் இமையில் அரிப்பு கொடுக்க ஆரம்பித்தது. முதல் டப்பாவில் ஒன்றும் இல்லை, இரண்டாவதின் நடுவில்தான். ஒவ்வாமை அப்படித்தான் வரும், பல முறை பட்ட பிறகு உடம்பு ஒரு நாள் எதிர்க்கும், இமைத் தோல் மெல்லியது என்பதால் அங்கே முதலில் தெரியும். பட்டியலின் கடைசியில் பார்ஃபம் (வாசனைக்கு லேபிளில் எழுதும் பெயர்), லினலூல், லிமோனீன், ஜெரானியால், எல்லாமே வாசனைப் பொருட்கள். முன்பக்கத்தில் மென்மையான சருமத்துக்கு என்று எழுதியிருந்தது! வாசனை என்ற ஒரு சொல்லுக்குள் பத்து இருபது பொருட்கள் ஒளிந்திருக்கலாம். ஐரோப்பாவில் 26 ஒவ்வாமைப் பொருட்களின் பெயரைத் தனியாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக விதி இருந்தது, 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக நீட்டினார்கள். இயற்கையான எசன்ஷியல் ஆயில் என்றால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம், லினலூலும் லிமோனீனும் லாவெண்டரிலும் ஆரஞ்சுத் தோலிலும் இருப்பவைதான். அன்சென்டட் (வாடை தெரியாதது) என்று எழுதியிருப்பதில், மற்ற வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம், ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ (வாசனைப் பொருள் சேர்க்காதது) என்பதைத் தேடுங்கள், அதற்குப் பிறகும் பட்டியலை ஒரு முறை பாருங்கள். ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு, என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது.

பதப்படுத்திகளில் எல்லோரும் பயப்படுவது பாரபெனுக்கு. அமெரிக்கத் தொடுதல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2019இல் பாரபெனை ஒவ்வாமை தராத பொருளாகவே தேர்ந்தெடுத்து அறிவித்தது. அதே சங்கம் 2013இல் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது மெத்தில்ஐசோதையசோலினோன், பாரபென் வேண்டாம் என்று ஓடியவர்கள் பலர் போய்ச் சேர்ந்த மாற்றுகளில் அதுவும் ஒன்று. கழுவாமல் விடும் க்ரீம்களில் அதை ஐரோப்பா 2017இல் தடை செய்துவிட்டது. நான் பாரபென் இருக்கிறது என்பதற்காக எதையும் ஒதுக்குவதில்லை.

ஆல்கஹால் என்று பார்த்ததும் டப்பாவைத் திருப்பி வைக்காதீர்கள். செட்டில், ஸ்டீரைல், செட்டரைல் ஆல்கஹால் எல்லாம் மெழுகு போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள், மிருதுவாக்குபவை. டினேச்சர்டு ஆல்கஹால் (குடிக்க முடியாதபடி மாற்றிய, சீக்கிரம் ஆவியாகும் எத்தனால்) முதல் ஐந்தில் இருந்தால் மட்டும் வறண்ட தோல்காரர்கள் யோசிக்கலாம். எண்ணெய்களில், ஆலிவ் எண்ணெய் பூசிய தோலின் தடுப்புத்தன்மை குறைந்ததாகவும் சூரியகாந்தி எண்ணெய் பூசியதில் அது கெடாமல் இருந்ததாகவும் 2013இல் ஒரு ஆய்வு வந்தது, முதலாவதில் ஒலீயிக் அமிலம் அதிகம், இரண்டாவதில் லினோலீயிக். துளைகளை அடைக்கும் எண் என்று இணையத்தில் சுற்றும் 0 முதல் 5 வரையான அட்டவணையை நான் நம்புவதில்லை, அதில் நிறைய எண்கள் பல காலம் முன்பு முயல் காதில் தனிப் பொருளைத் தடவிப் பார்த்து வந்தவை. முழு க்ரீமும் உங்கள் முகத்தில் என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. தாடை ஓரத்தில் கொஞ்ச நாள் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது முகத்துக்கு நான் வைத்திருப்பது வாசனை இல்லாத ஒரு க்ரீம்: கிளிசரின் இரண்டாவது இடம், பெட்ரோலேட்டம் மூன்றாவது, கடைசியில் செரமைடும் கொலஸ்ட்ராலும். குளித்து முகத்தை ஒற்றி எடுத்த கையோடு, ஈரம் காயும் முன் பூசுகிறேன், காய்ந்த பிறகு பூசுவதைவிடக் குறைவாகவே போதுமானதாக இருக்கிறது. திறந்த வாய் டப்பாவில் வருவதைவிடப் பம்ப் வைத்ததையே எடுக்கிறேன், விரல் உள்ளே போகாது. திறந்த டப்பா படத்துக்குள் 12எம் என்று இருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதம், மூடியில் திறந்த தேதியை மார்க்கரில் எழுதிவிடுவேன். பின்பக்கப் பட்டியலை ஃபோனில் படம் எடுத்தும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் கம்பெனிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஃபார்முலாவை மாற்றுகின்றன. புதிது வாங்கும்போது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து முதல் ஏழெட்டுப் பெயர்களையும் கடைசி வரியையும் ஒப்பிடுவேன். அங்கே பார்ஃபம் புதிதாக முளைத்திருந்தால் வாங்காமல் வந்துவிடுவேன்.