ஆட்டோன் எக்ஸ்டிஆர் புரொட்: பிலிம் ஓரத்தில் மணி எழுதும் கமரா

கழுவி வந்த 16 மி.மீ. நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் விரித்து, ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். துளைக்கும் துளைக்கும் இடையே, ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக எண்கள்: திகதி, மணி, நிமிடம், செக்கன், கமரா இலக்கம். அதை அடுத்த பிரேம்களில் எண் இருக்காது, புள்ளிக்கட்டம்தான் இருக்கும். எண் நமக்கு, கட்டம் இயந்திரத்துக்கு. படம் ஓடும்போதே, ஆட்டோன் எக்ஸ்டிஆர் புரொட் என்ற 16 மி.மீ. பிலிம் கமராவுக்குள் இருக்கும் எல்.இ.டி. விளக்குகள் இதைப் பதிகின்றன. ஆட்டோன் கோட் என்பது இதுதான். கொடாக் 1990இல் கொண்டுவந்த கீகோட் வேறு. அது தொழிற்சாலையிலேயே பிலிமில் பதிந்து வருவது. ரோலில் எந்த இடம் என்று சொல்லும், எத்தனை மணிக்கு எடுத்தது என்று சொல்லாது.

இலங்கை மலையகத்தில் இந்தக் கமராவுக்கு உள்ள முதல் வேலை காமன் கூத்து. விடிய விடிய நடக்கும் ஆட்டம் அது. ரதியும் மன்மதனும் ஆடும் இடத்துக்குள் போய் கிளாப் அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. 400 அடி ரோல் செக்கனுக்கு 25 பிரேமில் 10 நிமிடம் 40 செக்கன்தான் ஓடும். இரண்டு கமரா வைத்தால் காலையில் டப்பா டப்பாவாக ரோல் சேர்ந்துவிடும். ஒலியைக் காதால் கேட்டுப் படத்தோடு பொருத்தலாம் என்று நினைப்பவர்களைத் தப்பு மேளம் ஏமாற்றிவிடும். ஒரே அடி திரும்பத் திரும்ப வருவதால், ஒரு அடி தள்ளிப் பொருத்தினாலும் சரியாகப் பொருந்தியது போலவே இருக்கும். ஓரத்தில் மணி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் கோட் தானாக நன்றாக விழாது. முதலாவது, பிலிமின் ஐஎஸ்ஓ, அதாவது ஒளிக்கு அது காட்டும் வேகம். விளக்கின் பிரகாசம் கமராவில் நீங்கள் கொடுக்கும் எண்ணைப் பொறுத்தது. பகலில் ஐஎஸ்ஓ 50 பிலிம் போட்டுக் கொழுந்து பறிப்பதை எடுத்துவிட்டு, இரவுக்கு ஐஎஸ்ஓ 500 பிலிம் உள்ள மெகசினை (பிலிம் பெட்டியை) மாட்டி, எண்ணை மாற்ற மறந்தால் விளக்கு தேவையைவிடப் பத்து மடங்கு அதிகமாக எரியும். புள்ளிகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாசிக்கவே முடியாது. மறுபுறம் மறந்தால் கோட் நிழல் மாதிரி மங்கிப்போகும். தீவட்டி வெளிச்சத்துக்காக லாபில் ஒரு ஸ்டொப் புஷ் செய்யப் போகிறீர்கள் (கூடுதலாகக் கழுவி இரு மடங்கு வேகமாக்கப் போகிறீர்கள்) என்றால் கோடும் சேர்ந்து கறுக்கும். எண்ணையும் 1000 என்று கொடுத்துச் சோதனைத் துண்டு ஒன்று கழுவிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, நேரத்தை ஊட்டுவது. ஐந்து ஊசி லெமோ கேபிளால் ஒரே தாய்க் கடிகாரத்திலிருந்து இரண்டு கமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் ஜாம் பண்ண வேண்டும், அதாவது ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் ஒரு பிரேமுக்குள் நிற்க, கருவிக்குள் நேரம் காக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குகூடப் பிசகக் கூடாது. நுவரெலியா போன்ற 1,868 மீற்றர் உயரத்து ஊரில் மாலைக்கும் அதிகாலைக்கும் குளிர் நிறைய மாறும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி ஜாம் பண்ணுங்கள், பெட்டரி மாற்றினால் உடனே பண்ணுங்கள். இன்னொன்று: கூத்து நள்ளிரவைத் தாண்டும். 23:59:59க்குப் பிறகு 00:00:00 வரும்போது எடிட்டிங்கில் ரோல் வரிசை தலைகீழாகிவிடும். இரவு எட்டு மணிக்குத் தாய்க் கடிகாரத்தை 08:00:00 என்று வைத்துத் தொடங்கினால் அந்தச் சிக்கலே வராது. எல்லாக் கருவியிலும் ஒரே நேரம் இருப்பதுதான் முக்கியம், அது சுவர்க் கடிகார நேரமாக இருக்க வேண்டியதில்லை.

மோட்டார் வேகம் பிடித்து நிற்கும்வரை கோட் நம்பத்தகுந்ததாக இராது. பொத்தானை அழுத்தி ஐந்து செக்கன் விடுங்கள். ஸ்லோ மோஷன் எடுத்தால் ஒலியோடு பொருத்த இந்தக் கோடை எதிர்பார்க்க வேண்டாம். ஒலி வந்து சேரும் தாமதத்தையும் கோட் திருத்தாது: தப்புக்கும் மைக்குக்கும் இடையே 13 முதல் 14 மீற்றர் இருந்தால், மணி சரியாக இருந்தும் அடி ஒரு பிரேம் பிந்தியே கேட்கும். மைக்கை ஆட்டக் களத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பராமரிப்பில் பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில். பிலிம் ஒளி படும் வாயிலான ‘கேட்’டில் (gate) படச் சதுரத்தைத்தான் துடைக்கிறார்கள். துளை ஓரத்தில் எல்.இ.டி. ஒளி வெளிவரும் சிறு கண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஈரக்காற்றில் எமல்ஷன் (பிலிமின் ஒளிப்பூச்சு) துகள் அதன்மேல் மாவு மாதிரி படியும். படம் பளிச்சென்று இருக்கும், கோட் மட்டும் ரோலுக்கு ரோல் மங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு மெகசின் மாற்றும்போதும் கூர்மரக் குச்சியாலும் நூல் உதிராத துணியாலும் துடைக்க வேண்டும். உலோகம் எதுவும் அங்கே படக்கூடாது. பனியிலிருந்து தேயிலை ஆலையின் உலர்த்தும் அறைக்குப் போவதானால், கமராவைப் பையில் மூடியபடியே அரை மணி நேரம் உள்ளே வைத்திருந்துவிட்டுத் திறவுங்கள்.

ஆரி கம்பனியின் 16 எஸ்ஆர் 3 கமராவிலும் டைம்கோட் (நேரக் குறி) உண்டு. ஆனால் அது பார்கோட் வகை. வாசிக்கும் கருவி இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கண்ணால் வாசிக்க முடிவதே ஆட்டோனின் பெரிய பலம். அல்ப்ஸ் மலையை ஒட்டிய கிரெனோபிளில் ஜோன் பியர் பொவியாலா தொடங்கிய கம்பனி இது. தோளில் பூனை உட்கார்ந்ததுபோல் கமரா உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம். லயத்து வாசலிலும் மலைச் சரிவுப் படிக்கட்டிலும் அது உண்மைதான் என்று தோளே சொல்லும்.

பழையதை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கம்பனி 2013இல் கைமாறியது; கோட் போர்டு பழுதானால் திருத்த ஆள் தேடுவது கடினம். திரையில் மணி ஓடுவதை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். ஒரு துண்டு பிலிம் ஓட்டிக் கழுவி, ஓரத்தில் எண் விழுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைசியாக ஸ்கேனிங். இன்றைய பல ஸ்கேனர்கள் ஆட்டோன் கோடை வாசிக்காது, படச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். அப்போது இத்தனை பாடும் வீண். டப்பா லேபலில் “ஓவர்ஸ்கேன், துளை ஓரம் முழுதும் தெரிய வேண்டும், 25 பிரேம், ஆட்டோன் கோட் உண்டு” என்று எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு ரோலின் தலையிலும், ஆட்டக் களத்துக்கு வெளியே வைத்து, ஒரு கிளாப் எடுத்து வையுங்கள். கிளாப் மூடிய பிரேமில் கோட் காட்டும் நேரத்துக்கும் ஒலிப்பதிவில் கிளாப் சத்தம் விழுந்த நேரத்துக்கும் எத்தனை பிரேம் வித்தியாசம் என்று அதை வைத்து எண்ணி, அதே எண்ணிக்கையை ரோல் முழுவதற்கும் தள்ளிக்கொள்ளலாம்.