லிட்டில் ஹவுஸ் ஒன்பது புத்தகப் பெட்டி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

'லிட்டில் ஹவுஸ்' என்பது அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் சிறுவயதை வைத்துப் பிள்ளைகளுக்காக எழுதிய கதை வரிசை. ஆர்டர் போடுவதற்கு முன்னால் பெட்டியில் எத்தனை புத்தகம் என்று எண்ணிவிடுங்கள். ஒன்பது இருக்க வேண்டும். வண்ணப் படங்களோடு வரும் ஐந்து புத்தகப் பெட்டி பார்வைக்கு அழகுதான். ஆனால் 'பை த ஷோர்ஸ் ஆஃப் சில்வர் லேக்' என்ற ஐந்தாவதோடு நின்றுவிடும். இந்த வரிசையில் தலைசிறந்தது அதற்கு அடுத்த புத்தகம். ஐந்தோடு திரும்புவது, ஆம்பூர் வரைக்கும் போய் பிரியாணியை விட்டுவிட்டுக் கத்தரிக்காயை மட்டும் கட்டி வாங்கி வந்த கதை.

படங்கள் கார்த் வில்லியம்ஸ் வரைந்தவை. 1953 பதிப்புக்காகக் கதை நடந்த ஊர்களுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரைந்தார். அவர் வரைந்தது கறுப்பு வெள்ளையில்; வண்ணம் பிற்பாடு பூசியது. கறுப்பு வெள்ளைப் பெட்டியே போதும். படமே வேண்டாம், குறிப்புகள்தான் வேண்டும் என்பவர்களுக்கு லைப்ரரி ஆஃப் அமெரிக்கா 2012இல் இரண்டு தொகுதிகளாகப் போட்டது இருக்கிறது. குழந்தைக்கு என்றால் அது வேண்டாம்.

லாரா இங்கல்ஸ் வைல்டர் 1867 பிப்ரவரி 7இல் விஸ்கான்சின் மாநிலத்தில், பெப்பின் என்ற ஊர்ப்பக்கம் பிறந்தவர். கன்சாஸ், மினசோட்டா, அயோவா, டகோட்டா என்று அப்பா வண்டி கட்டிக்கொண்டே இருந்தார். குடும்பமும் கூடவே போனது. பதினாறு வயது முடிவதற்குள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. 1894இல் மிசௌரியில் மேன்ஸ்ஃபீல்டு ஊரில் நிலம். 1911 முதல் 'மிசௌரி ரூரலிஸ்ட்' என்ற விவசாயப் பத்திரிகையில் எழுத்து. முதல் புத்தகம் 1932இல் வந்தபோது வயது 65. தொண்ணூறு முடிந்த மூன்றாம் நாள், 1957இல் இறந்தார். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு: 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் இவரைவிட ஏறக்குறைய நான்கு வயது இளையவர். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை உண்டாக்கிய அந்த அம்மாவும் சின்ன வயதில் சில காலம் நெப்ராஸ்காவில், அதே புல்வெளிச் சீமையில் வளர்ந்தவர்தான்.

இந்தப் புத்தகங்களின் பலம் வேலையைச் சொல்லும் விதம். 'ஆசையாக உழைத்தார்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போகமாட்டார் லாரா. முதல் புத்தகத்தில் மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சும் இடத்தைப் படியுங்கள். மரத்தில் துளை போட்டு, மரக்குழாய் செருகி, வடியும் சாற்றைப் பெரிய இரும்புக் கொப்பரையில் கொட்டிக் காய்ச்சுகிறார்கள். கொஞ்சம் எடுத்துத் தட்டில் விட்டு ஆறவைத்தால் மணல் மணலாகத் திரள வேண்டும். திரண்டுவிட்டால் உடனே கொப்பரைக்கு அடியிலிருந்து நெருப்பை வாரி இழுத்துவிட்டு, பாகை மொண்டு பால் தட்டுகளில் ஊற்றுகிறார்கள். வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப்பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்களிடம் இதை வாசித்துக் காட்டினால், 'பதம் பார்க்கிறது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். வித்தியாசம் சாற்றில். மேப்பிள் பாகு ஒரு லிட்டருக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும், அவ்வளவு நீர்த்தது.

மூன்றாவதான 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி'யில் கிணறு வெட்டும் அத்தியாயம் நம் கழனிக் கிணறு தூர் வாருகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும். தினமும் காலையில் இறங்குமுன் மெழுகுவத்தி ஏற்றி வாளியில் வைத்து உள்ளே விடுகிறார் அப்பா. இதெல்லாம் வீண் வேலை என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். ஒரு நாள் சோதிக்காமல் இறங்கி, அடியில் மயங்கி விழுகிறார். அப்பா இறங்கி அவரைக் கயிற்றில் கட்டிவிட்டு மேலே வர, அப்பாவும் அம்மாவுமாக உருளையைச் சுற்றித் தூக்குகிறார்கள். கனமான கெட்ட காற்று அடியில் தங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியாது. ஆனால் வாசித்துக்காட்டும் பெரியவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்லணும். வத்தி அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. எரிந்தால் இறங்கலாம் என்பது தப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பதை வத்தி காட்டிக்கொடுக்காது. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். இன்றைக்கு அதற்குக் கேஸ் மீட்டர் இருக்கிறது.

அதே புத்தகத்தில் வீடு முழுக்கக் குளிர்காய்ச்சலில் கிடக்கிறது. தர்ப்பூசணி சாப்பிட்டதால் வந்தது என்கிறார் பக்கத்து வீட்டம்மா. அது மலேரியா, கொசு பரப்புவது என்று அப்போது யாருக்கும் தெரியாது என லாராவே அங்கே ஒரு வரி போட்டுவிடுகிறார். ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டது 1897இல். கதை நடப்பது 1870 வாக்கில்.

ஆறாவதான 'த லாங் வின்டர்' 1880-81 பனிக்காலத்தைப் பற்றியது. அக்டோபரிலேயே முதல் பனிப்புயல். ரயில் ஏன் நின்றது என்று காரணத்தோடு சொல்கிறார்: மேட்டை வெட்டிப் போட்ட தண்டவாளப் பள்ளத்தில் பனி நிரம்பும், வாரி இரு கரையிலும் குவித்தால் கரை உயர்ந்து பள்ளம் இன்னும் ஆழமாகும், அடுத்த புயலில் அந்த உயரத்துக்கும் நிரம்பும். நிலக்கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லை எரிக்கிறார்கள். நாம் பிரி முறுக்குவது போலவே முறுக்கி, இரண்டாக மடித்து அதை மேலேயே சுற்றவிட்டு, நுனியைச் செருகினால் விறகு மாதிரிக் கட்டை. தளர முறுக்கினால் பொசுக்கென்று எரிந்துபோகும். இறுக்கினாலும் ஒருவர் மாற்றி ஒருவர் முறுக்கிக்கொண்டே இருந்தால்தான் அடுப்பு அணையாது. புல்லின் விளிம்பு கையை அறுக்கும். மாவும் தீர்ந்தபின் காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினில் கோதுமை அரைக்கிறார்கள். அன்றன்றைய ரொட்டிக்கு நாள் பூரா கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.

மண்டித் தெருக்காரர்கள் ரசிக்கும் காட்சி ஒன்றும் உண்டு. உயிரைப் பணயம் வைத்து இரண்டு இளைஞர்கள் கொண்டுவந்த கோதுமை, கடைக்காரருக்கு அடக்கம் புஷல் ஒன்றேகால் டாலர். புஷல் என்பது சுமார் 27 கிலோ. அவர் மூன்று டாலர் சொல்கிறார். பனிக்காலம் முடிந்தபின் எவன் உன் கடைக்கு வருவான் என்று அப்பா கேட்கும் கேள்வியில் விலை இறங்குகிறது.

இனி குறைகள். மூன்றாவது புத்தகத்தைப் பிள்ளை கையில் தனியாகக் கொடுக்காதீர்கள். அந்தக் குடும்பம் 1869 முதல் 71 வரை குடியிருந்தது ஓசேஜ் என்ற செவ்விந்தியப் பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில். அனுமதி இல்லாத குடியேற்றம். அந்தச் சீமையில் ஆட்களே இல்லை, இந்தியர்கள் (செவ்விந்தியர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்) மட்டுமே என்ற பொருளில் 1935 பதிப்பில் ஒரு வரி இருந்தது. வாசகர் ஒருவர் கடிதம் எழுதியபின் 1953இல் 'ஆட்கள்' என்பதைக் 'குடியேறியவர்கள்' என்று மாற்றினார்கள். மாற்றியது அந்த ஒரு சொல்லைத்தான். செத்த இந்தியனே நல்ல இந்தியன் என்ற பக்கத்து வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கிறது. ஏழாவதில் அப்பா முகத்தில் கரி பூசிக் கறுப்பர் வேஷம் போடும் கூத்தும் இருக்கிறது. லாரா பெயரில் 1954 முதல் கொடுத்துவந்த விருதின் பெயரை அமெரிக்க நூலகர்கள் 2018இல் மாற்றியது இவற்றால்தான்.

சுயசரிதை என்று நினைத்தும் படிக்க வேண்டாம். கன்சாஸ் போனபோது லாராவுக்கு வயது இரண்டு. கதையில் கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஒன்பது மாதத்தில் இறந்துபோன தம்பி கதையில் இல்லை, அயோவா வாசமும் இல்லை. உண்மைக் கதை வேண்டுமானால் 1930இல் பென்சிலால் எழுதி, 2014இல்தான் அச்சேறிய 'பயோனியர் கேர்ள்' தனியாகக் கிடைக்கிறது. கனமான புத்தகம். அடிக்குறிப்புகள் மூலத்தைவிட நீளம், ஆனால் வீணில்லை.

ஆங்கிலம் எளிதுதான். ஆங்கில வழியில் ஆறாம் வகுப்பு, தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதல் புத்தகத்தைத் தானே படிக்கும். 'ஃபார்மர் பாய்' சில பதிப்புகளில் இரண்டாவது, சிலவற்றில் மூன்றாவது. அது கணவர் ஆல்மான்ஸோவின் சிறுவயதுக் கதை என்பதால் எங்கே வைத்துப் படித்தாலும் நஷ்டமில்லை. சாப்பாட்டு வர்ணனை அதிகம், பசியோடு எடுக்காதீர்கள். பசை போட்ட பைண்டிங், நம் வெயிலில் முதுகு விறைத்து வெடிக்கும். புதிதாக வந்ததும் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து அழுத்திவிட்டுப் பிறகு படிக்கக் கொடுங்கள்.

ஒன்பதாவதை எட்டாவது முடிந்த கையோடு எடுக்க வேண்டாம். 1885இல் நடந்த கல்யாணத்துக்குப் பின் வந்த தொண்டை அடைப்பான் நோய், இறந்த ஆண் குழந்தை, தீப்பிடித்த வீடு எல்லாம் அதில் இருக்கிறது. அம்மா எழுதியதைத் தட்டச்சு செய்து வெட்டி ஒட்டிய மகள் ரோஸ் வைல்டர் லேனின் கை இதில் படவில்லை. கையெழுத்துப் பிரதி 1971இல் ஏறக்குறைய அப்படியே அச்சானது. எட்டாவதில் ஒரு பக்கத்தையும் இதில் ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், மகள் எவ்வளவு வேலை செய்தாள் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.