டைமிங் செயின் சத்தத்துக்கு "அரை எஞ்சின் வேலை"ன்னு சொல்றாய்ங்களா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கம்பம், கூடலூர், குமுளி பக்கம் பைக் ஓட்டுற அம்புட்டு பேருக்கும் இந்தப் பதிவு. எல்லைக்கிட்ட கேரளா பக்கம் இருக்குற ஒரு ஒர்க்‌ஷாப்ல எஞ்சினுக்குள்ள ஓடுற டைமிங் செயின் சத்தம்னு வண்டிய விட்டேன். அரை எஞ்சின் வேலை, அதாவது எஞ்சினோட மேல் பாதியப் பிரிச்சுப் பாக்குற வேலை பாத்தோம்னு 6,800 ரூபா வாங்கிட்டு, உள்ள ஒரு பார்ட் கூட மாத்தாம, கெட்டுப்போன டென்ஷனர்லயே (அந்தச் செயினோட தொய்வ எடுக்குற சின்ன சாமான்) பித்தாளை பத்த வச்சு மாட்டி அனுப்பியிருக்காய்ங்க. கடை பேரு இங்க போடல, புகார் மனு போட்டிருக்கேன், அது முடியட்டும். ஆனா என்ன செஞ்சாய்ங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா எந்தக் கடையில இது நடந்தாலும் நீங்க பிடிச்சிரலாம்.

எனக்கு வேலை குமுளியில, ஏலக்கா கடையில கணக்கு எழுதுறேன். வீடு கூடலூர்ல. 150 சிசி வண்டி, தினமும் லோயர் கேம்ப் தாண்டி மலையேறணும், கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியரு மூணாவது கியருன்னு மாறி மாறி முறுக்கணும், எஞ்சினுக்கு அது சும்மா வேலை இல்ல. காலையில ஸ்டார்ட் பண்ணதும் இடது பக்கம் கரகரன்னு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் லேசா குடுத்தா குறையும் விட்டா மறுபடி வரும். ஆயில் மாத்திப் பாத்தேன், அப்பவும் நிக்கல.

கடைக்காரர் நம்ம பக்கத்து ஆளுதான், நல்லா அண்ணே அண்ணேன்னு பேசுவாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரெண்டு முறுக்கு முறுக்குனாரு, ஸ்க்ரூடிரைவர எஞ்சின்ல வச்சு காதக் குடுத்துக் கூட கேக்கல. "டைமிங் செயின் போச்சுண்ணே, கைடு போச்சு, டென்ஷனர் போச்சு, ஹெட்ட இறக்கணும், அரை எஞ்சின்" அப்டின்னாரு. ஹெட்டுன்னா வால்வு இருக்குற எஞ்சின் மேல்பகுதி. முதல்ல டென்ஷனர மட்டும் மாத்திப் பாக்கலாமான்னு கேட்டேன். "அதை மட்டும் மாத்துனா திரும்ப வந்து நிப்பீங்க, செயின் தாவி வால்வு பிஸ்டன்ல இடிச்சா எவ்வளவு ஆகும் தெரியுமா"ன்னு பயங்காட்டுனாரு. செயின் பல்லு மாறித் தாவுனா வால்வு இடிக்க வாய்ப்பு இருக்குங்கறது நெசம்தான், அதனாலதான் அந்தப் பயம் வேலை செய்யுது.

டென்ஷனர்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன். பிஸ்டன் சுத்துற கிராங்க்ல இருந்து மேல வால்வத் திறக்குற கேம் ஷாஃப்டுக்கு போற செயின்தான் டைமிங் செயின், ஓட ஓட அது கொஞ்சம் நீளும், உள்ள உரசுற கைடும் தேயும். அந்தத் தொய்வ எடுக்குறதுக்கு சிலிண்டர் பக்கத்துல ரெண்டு போல்ட்ல மாட்டியிருக்குற கட்டை விரல் சைஸ் சாமான்தான் டென்ஷனர். உள்ள ஒரு சுருள் ஸ்பிரிங் ஒரு ஸ்க்ரூவத் திருப்பிக்கிட்டே இருக்கும், அது பிளஞ்சர்ங்கற சின்னத் தண்ட வெளிய தள்ளும். வெளிய வந்த பிளஞ்சர் தானா உள்ள போகக் கூடாது, அதோட முழு வேலையே அதுதான். உள்ள போக ஆரம்பிச்சிருச்சுன்னா டென்ஷனர் அவுட், செயின் அடிக்கும், சத்தம் வரும். ஒரிஜினல் வாங்குனாலும் பெரும்பாலான 150 சிசி வண்டிக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள வர்ற சாமான் இது, இதை மாத்த ஹெட்டத் தொட வேண்டிய அவசியமே இல்ல.

வண்டி கைக்கு வந்தப்போ சத்தம் சுத்தமா இல்ல. பழைய பார்ட்ஸ் எங்கன்னு கேட்டேன், "பழைய இரும்புக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்"ன்னாரு. பில் கேட்டேன், கோடு போட்ட தாள்ல "எஞ்சின் வேலை 6,800"ன்னு எழுதிக் குடுத்தாரு, சீல் இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. எந்தப் பார்ட் என்ன விலைன்னு பிரிச்சு எழுதுங்கன்னு சொன்னதுக்கு நாளைக்கு வாங்கன்னாரு, அந்த நாளை வரவே இல்ல. நல்லவேளை காசு போன்லதான் அனுப்பியிருந்தேன், அந்த ரசீது இன்னைக்கும் இருக்கு.

கொஞ்ச நாள்லயே மலையேறும்போது மட்டும் ஒரு புது சத்தம். கரகர இல்ல, ஊளை மாதிரி ஒரு இழுவை, எஞ்சின் நல்லா சூடானதும் வரும், ஆறுனா போயிரும். கடையில கேட்டா "புது செயின்ணே, ஓட ஓட செட் ஆயிரும்". அப்புறம் ஒரு சாயங்காலம் குமுளியில வண்டிய எடுத்து வளைவுல இறங்குறேன், சைலன்சர்ல டப்புன்னு ஒரு வெடி, வண்டி நின்னுருச்சு. கிக்கர் அடிச்சு அடிச்சு ஸ்டார்ட் ஆனாலும் இழுவை இல்ல, பழைய கரகர சத்தம் முன்னைய விட மோசமா. பனி இறங்குற நேரம், லாரியும் பஸ்ஸும் மேல வந்துக்கிட்டே இருக்கு, ஓரத்துல இடம் கிடையாது. பின்னாடி ஒரு பொம்பளப் புள்ளையோ குழந்தையோ உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் கோவம் கோவமா வருது.

ஏலக்கா மூட்டை ஏத்துற பிக்கப்ல வண்டிய ஏத்தி அணக்கரையில எனக்குத் தெரிஞ்ச ஒரு சேட்டன்கிட்ட கொண்டு போனேன். அவரு எதையும் கழட்டல, முதல்ல சுத்திச் சுத்திப் பாத்தாரு. "தம்பி, இது தொறந்திட்டே இல்லல்லோ"ன்னாரு. மேக்னெட் கவர் (எஞ்சின் பக்கவாட்டு மூடி) போல்ட் குழியில எல்லாம் காஞ்ச செம்மண்ணு அப்படியே அடைச்சுக் கெடக்கு, ஹெட் நட்டுலயும் பழைய அழுக்கு, ஸ்பேனர் பட்ட தடம் இல்ல. என் வண்டியில டைமிங் செயின் மாத்தணும்னா மேக்னெட் கவரக் கழட்டாம முடியவே முடியாது. புதுசா ஸ்பேனர் பட்டிருந்தது ரெண்டே போல்ட், டென்ஷனர் போல்ட். அதுலயும் புது கேஸ்கெட் போடாம பேஸ்ட் தடவியிருந்துச்சு.

கிராங்க்கோட சுத்துற மேக்னெட்ட டி மார்க்குக்கு (பிஸ்டன் உச்சியில நிக்கிறதக் காட்டுற கோடு) கொண்டு வந்து நிறுத்திட்டு டென்ஷனரக் கழட்டி என் உள்ளங்கையில வச்சாரு. பிளஞ்சர் அடியில புளியங்கொட்டை அளவுக்கு மஞ்சளா ஒரு பித்தாளைப் பொட்டு, நடுவுல விரிசல். அதாவது தேஞ்சுபோன பிளஞ்சர வெளிய இழுத்து வச்சு உள்ள போகாம பத்த வச்சுட்டாய்ங்க. எஞ்சின் சூடானா அலுமினிய பிளாக் இரும்பு செயின விட அதிகமா விரியும், செயின் தானா இறுகும், இங்க டென்ஷனரும் அசையாம ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நிக்குது. ஊளைச் சத்தம் அதுனாலதான். கடைசியில பத்தவச்ச இடம் விட்டுப்போச்சு, பிளஞ்சர் உள்ள போயிருச்சு, தொய்ஞ்ச செயின் ஒரு பல்லு தாவிருச்சு. கைடுல செயின் அறுத்த பள்ளம், ஆயில வடிகட்டுற ஸ்ட்ரெயினர்ல அதோட கருப்புத் தூளு. ஒரு பல்லோட நின்னதால வால்வு தப்பிச்சது, இன்னும் தாவியிருந்தா ஹெட்டே போயிருக்கும்.

அப்புறம் புது டென்ஷனர எடுத்து பிளஞ்சர வெளிய விட்டு, கட்டை விரலால அமுக்கச் சொன்னாரு. முழு பலத்தோட அமுக்குனேன், இம்மி அசையல. என் பழசுல பித்தாளைய உடைச்சு எடுத்துட்டு அமுக்குனா சுண்டு விரலுக்கே உள்ள போகுது. ஸ்க்ரூ டைப் டென்ஷனருக்கு இந்த ஒரு சோதனை போதும். மெக்கானிக் டென்ஷனர் போச்சுன்னு சொன்னா உங்க கண்ணு முன்னால கழட்டி, உங்க கையில குடுத்து அமுக்கிக் காட்டச் சொல்லுங்க. அரை மணி நேர வேலை கூட இல்ல. கழட்டி இருக்கும்போது மட்டும் கிக்கர யாரையும் தொட விடாதீங்க, செயின் தொய்ஞ்சு கிடக்கும், தாவிரும். திரும்ப மாட்டுனதும் செல்ஃப அமுக்காம முதல்ல கையால ரெண்டு சுத்து சுத்தி டி மார்க் சரியா வருதான்னு பாக்குறாரான்னு கவனிங்க, நல்ல மெக்கானிக் அதை விடவே மாட்டாரு.

செயின், கைடு, டென்ஷனர், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேத்து சேட்டன்கிட்ட 3,000 ரூபாய்க்கு உள்ளதான் ஆச்சு, பில்லோட. பழசு எல்லாத்தையும் கவர்ல போட்டுக் குடுத்தாரு.

அந்த டென்ஷனர எடுத்துக்கிட்டு முதல் கடைக்குப் போனேன். "வேற மெக்கானிக் கைய வச்சுட்டா நாங்க பொறுப்பில்லண்ணே, அவரு மாத்தி வச்சிருப்பாரு". சேட்டன் கழட்டும்போது நான் எடுத்த வீடியோவக் காட்டுனேன், செம்மண்ணோட அந்த போல்ட்டக் காட்டுனேன். பாத்துட்டு "இது கேரளா, இங்க வந்து கேஸ் நடத்துவீங்களா, தேனிக்கும் இடுக்கிக்கும் அலைவீங்களா"ன்னு கேட்டாரு. எல்லை ஊர்ல நம்மள அடக்குறதே இந்த ஒரு வார்த்தைதான், நெறையப் பேரு இதக் கேட்டு வாய மூடிக்கிட்டு வந்துர்றாங்க.

அலைய வேண்டியதில்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்துல இருந்தாலும் நீங்க குடியிருக்குற இல்லன்னா வேலை பாக்குற மாவட்டத்துலயே மனு போடலாம். கூடலூர்க்காரனுக்கு தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் வரைக்கும் கொடுத்த தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, 2 வருசத்துக்குள்ள போடணும். முதல்ல 1915 நம்பருக்குப் பேசி புகாரப் பதிவு பண்ணிக்கங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம்.

என் மனுவோட நான் வச்சது: பணம் அனுப்புன ரசீது, அந்தக் கோடு போட்ட தாளு, கழட்டுன வீடியோ, சேட்டன் பில்லு, பித்தாளை வச்ச டென்ஷனர் போட்டோ. டென்ஷனரத் தொடைக்காம அப்படியே வச்சிருக்கேன். இதே மாதிரி ஏமாந்தவங்க யாராச்சும் இருந்தா பழைய பார்ட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க. மனு எழுதத் தெரியலன்னா சொல்லுங்க, என்னோடத அப்படியே தர்றேன், பேரையும் தொகையையும் மட்டும் மாத்திக்கலாம்.