கோல்மன்ஸ்கோப் ஒளிப்படச் சீட்டு: கூடுதல் பணத்துக்குத் தகுமா?

நமீபியாவின் லூடெரிட்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே, நமீப் பாலைவனத்தில் பாதி மணலுக்குள் நிற்கும் கைவிடப்பட்ட ஊர் கோல்மன்ஸ்கோப். இங்கே நுழைய இருவகைச் சீட்டுகள் உண்டு. சாதாரணச் சீட்டு வாங்கினால் காலையில் வாயில் திறந்த பிறகு போய், பிற்பகல் தொடங்கும்போது வெளியேறிவிட வேண்டும். விலை கூடிய ஒளிப்படச் சீட்டில் சூரியன் உதிப்பதிலிருந்து மறையும்வரை உள்ளே இருக்கலாம். படமெடுப்பதற்கென்றே அவ்வளவு தொலைவு போகிறவர்கள் தயங்காமல் இரண்டாவதை வாங்கிக்கொள்ளலாம். வெளிச்சத்துக்காகத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். மணலுக்காக என்றுதான் நான் சொல்வேன்.

இரவில் அடிக்கும் காற்று முந்தைய நாளின் காலடித் தடங்களை அழித்துவிட்டு, உடைந்த ஜன்னல்கள் வழியாக உள்ளே குவிந்திருக்கும் மணலின் மேல் மெல்லிய வரிகளைப் போட்டுவிட்டுப் போகும். அந்த வரிகள் கலையாமல் இருப்பது முதல் பார்வையாளர் கால் வைக்கும்வரைதான். ஒருவர் அறைக்குள் நடந்துவிட்டால், அடுத்து வருபவருக்கு எஞ்சுவது மிதிபட்ட மணலும் சுவரும் மட்டுமே. ஆகவே வாசலில் நின்றே முதல் படத்தை எடுத்துவிட்டு, பிறகு சுவரோரமாக உள்ளே போவது உங்களுக்கும் நல்லது, பின்னால் வருகிறவர்களுக்கும் நல்லது.

அறைகளின் நிறங்களுக்கு ஊரின் வரலாறே காரணம். 1908ஆம் ஆண்டில் சக்கரியாஸ் லெவாலா என்ற ரயில்பாதைத் தொழிலாளி மணலில் கண்டெடுத்த கல்லைத் தம் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாவுக்கிடம் காட்ட, அது வைரம் என்று உறுதியானது. சில ஆண்டுகளுக்குள் ஜெர்மானியர்கள் இங்கே மருத்துவமனை, ஐஸ் தொழிற்சாலை, நடன அரங்கு எல்லாம் கொண்ட ஒரு ஊரையே எழுப்பிவிட்டார்கள். 1928ஆம் ஆண்டில் தெற்கே ஆரஞ்சு ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் இதைவிட வளமான வைரப்படிவுகள் கிடைக்கவே மக்கள் அங்கே நகரத் தொடங்கினார்கள். 1956ஆம் ஆண்டுக்குள் ஊர் முழுவதும் காலியாகிவிட்டது. அந்தச் செழிப்பின் மிச்சமாக ஒரு அறையில் நீலச் சுவர், அடுத்ததில் பச்சை, சில வீடுகளில் கூரையை ஒட்டி வரைந்த பூவரி என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். கேமராவின் தானியங்கி வண்ணச் சமநிலை மணலின் மஞ்சளைக் குறைத்து, அறைக்கு அறை வேறு நிறம் காட்டும் என்பதால், பகல்வெளிச்சம் என்று நிலையாக வைத்துவிடுவது நல்லது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் மருத்துவமனை. அதன் நீண்ட நடைவழியில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி நிற்கின்றன. அகலக்கோண லென்ஸைச் சற்றும் சாய்க்காமல் பிடித்தால்தான் சட்டங்கள் நேராக விழும். கூரைப் பலகைகள் உதிர்ந்த இடங்களில் வெயில் கோடுகோடாக இறங்கும்போது, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே படத்தில் அடக்க முடியாது; முக்காலியில் வைத்து வெவ்வேறு ஒளியளவில் மூன்று படங்களாவது எடுத்து, பிறகு இணைத்துக்கொள்ளலாம். முக்காலியின் கால்களை நீட்டும்போது வழக்கத்துக்கு மாறாக அடியிலுள்ள மெல்லிய பகுதியை முதலில் இழுத்துவிடுங்கள். பூட்டுகள் மணலுக்கு மேலே நிற்கும். மாலையில் அவற்றைத் திருகும்போது நறநறவென்று சத்தம் கேட்காமல் இருந்தால் அதுவே லாபம்.

குறைகளும் உண்டு. நாள் முழுவதற்கும் பணம் கொடுத்தாலும், பிற்பகலில் தென்மேற்குக் காற்று பலமாகக் கிளம்பும் நாட்களில் திறந்த வெளியில் வேலை செய்ய முடியாது. வெளியே லென்ஸ் மாற்றுவதை நினைத்தும் பார்க்கக்கூடாது. கடலில் ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் சில காலைகளில் மூடுபனி ஊர்வரை வந்துவிடும்; விடியற்காலைக் கதிர்களுக்காகச் சீட்டு வாங்கியவருக்கு அது ஏமாற்றமே. ஆனால் அந்தச் சீரான ஒளியில் சுவர் நிறங்கள் நன்றாகவே பதியும். பல வீடுகளில் மாடிப்படியும் தரைப்பலகையும் உளுத்துப்போயிருக்கின்றன. எந்தப் பலகை தாங்கும் என்பது நம் பொறுப்பில்தான் விடப்பட்டிருக்கிறது.

அந்தச் சுதந்திரம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கும் போடி என்ற தங்கச் சுரங்க ஊரில் பெரும்பாலான கட்டடங்களை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் படமெடுக்க முடியும். மேசை நாற்காலிகள் அப்படியே இருப்பது அங்கே சிறப்பு. ஆனால் கதவைத் தாண்டி நின்று சட்டகம் அமைக்கும் வசதிக்குக் கோல்மன்ஸ்கோப்தான்.

சீட்டை முந்தைய நாளே லூடெரிட்ஸில் வாங்கி வைத்துக்கொண்டு அங்கேயே தங்குவது நல்லது. ஊரின் கதையைக் கேட்டு, கைபேசியில் நாலு படம் எடுத்தால் போதும் என்பவர்களுக்குச் சாதாரணச் சீட்டும் காலை நேர வழிகாட்டிச் சுற்றும் தாராளமாகப் போதும்.