பிரிட்டனில் சி.பி. வானொலி: 1984 முதல் என் பயன்பாட்டு அனுபவம்

1984ஆம் ஆண்டு தெற்கு லண்டனின் கிராய்டனில், ஒரு பழைய பொருள் கடையில் என் முதல் சி.பி. வானொலிப் பெட்டியை வாங்கினேன். சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) என்பது பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறுந்தொலைவு இருவழி வானொலி. அதன் முகப்பில் 'சி.பி. 27/81' என்ற முத்திரை இருந்தது. பிரிட்டனில் 1981 நவம்பர் 2 அன்றுதான் சி.பி. சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, அதுவரை அமெரிக்க ஏ.எம். பெட்டிகளே திருட்டுத்தனமாகப் புழங்கின. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 40 எஃப்.எம். சேனல்கள், 4 வாட் திறன், அஞ்சலகத்தில் வாங்கும் ஓர் உரிமம்: சட்டம் அளித்தது இவ்வளவே.

பெட்டியைவிட ஆன்டெனாவே முக்கியம் என்பது முதல் வாரத்திலேயே எனக்குப் புரிந்தது. காந்த அடி கொண்ட ஆன்டெனாவை டிக்கியின் ஓரத்தில் வைத்திருந்ததால், என் குரல் மூன்று தெருக்களைக்கூடத் தாண்டவில்லை. அதைக் கூரையின் நடுவுக்கு மாற்றும்படி 19ஆம் சேனலில் ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார். அனுப்பும் திறனில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (அளவு குறைவாக இருந்தால் நல்லது) இணைத்து 1ஆம் சேனலிலும் 40ஆம் சேனலிலும் மாறி மாறி அளந்தேன். 40இல் அளவு கூடுதலாகக் காட்டினால் கம்பி நீளமாக இருக்கிறது என்று பொருள். அலன் சாவியால் திருகைத் தளர்த்தி, கம்பியைச் சிறிது சிறிதாக உள்ளே இறக்க, மூன்றைத் தாண்டியிருந்த முள் ஒன்றரைக்குக் கீழே வந்தது. அதன்பின் நகருக்குள் ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவுக்குத் தெளிவாகப் பேச முடிந்தது. நார்த் டவுன்ஸ் குன்றுகளில் காரை நிறுத்தினால் தேம்ஸுக்கு வடக்கே இருப்பவர்களும் பதில் சொன்னார்கள்.

14ஆம் சேனலில் அழைத்து, பதில் வந்ததும் வேறு சேனலுக்கு மாறிப் பேசுவதே வழக்கம். அங்கே எல்லோருக்கும் 'ஹேண்டில்' என்ற ஒரு புனைபெயர் உண்டு, என்னுடையது 'மான்சூன்'. நேரில் சந்திப்பதை 'ஐபால்' என்பார்கள். முகம் தெரியாத அந்தக் குரல்களிடமிருந்துதான் ஊரின் பேச்சு ஆங்கிலத்தைக் காதால் கற்றேன். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

1987 அக்டோபர் 16 விடியலில் பெரும்புயல் தென்கிழக்கு இங்கிலாந்தைப் புரட்டிப்போட்டபோது, எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கார் பேட்டரியில் பெட்டி வேலை செய்தது. எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செவனோக்ஸ் பக்கம் தனியாக வசிக்கும் தன் தாயின் நிலை தெரியவில்லை என்று ஒரு பெண் தழுதழுத்த குரலில் கேட்டார். அவருடைய கேள்வியை மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராகக் கடத்த, நான்காமவர் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு, அம்மா நலமாக இருக்கிறார் என்று செய்தி அனுப்பினார். அந்தச் சங்கிலியில் இரண்டாவது ஆள் நான்.

குறைகளும் இருந்தன. 14ஆம் சேனலில் பாட்டைப் போட்டுப் பிறர் பேச்சை அடைத்தவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் என் குரல் கேட்டதால், அதன் ஆன்டெனா கம்பியில் ஒரு ஃபில்டர் பொருத்திக் கொடுத்தேன். 1987இல் ஐரோப்பியச் சேனல்களும் அனுமதிக்கப்பட்ட பிறகு, கோடை நாட்களில் இத்தாலியக் குரல்கள் அவற்றில் பாய்ந்து வந்து உள்ளூர்ப் பேச்சை மூழ்கடிக்கும்.

2006 டிசம்பரில் உரிமமே தேவையில்லை என்றானது, 2014இல் எஃப்.எம்.முடன் ஏ.எம்., எஸ்.எஸ்.பி. என்ற வேறு ஒலிபரப்பு முறைகளும் அனுமதிக்கப்பட்டன. அதற்குள் கைபேசி வந்து பெரும்பாலோரை அழைத்துச் சென்றுவிட்டது. புதிதாக வாங்க நினைப்பவர்கள் பெட்டியில் மிச்சம் பிடித்து, நல்ல ஆன்டெனாவுக்குச் செலவிடுங்கள். ஞாயிறு மாலைகளில் நான் இன்னும் 14இல் அழைக்கிறேன். சில வாரங்களில் பதில் வருகிறது.