ஈரப்பனியில் திணறும் டிராக்டர்: எந்த மாற்று வழி எப்போது பயன்படும்?

ஈரி ஏரி இன்னும் உறையாத நவம்பர், டிசம்பர் மாதங்களில், அதன்மேல் கடந்து வரும் குளிர்காற்று ஏரியின் ஈரத்தை அள்ளிவந்து நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரையொட்டிய ஊர்களில் பனியாகக் கொட்டுகிறது. 2022 நவம்பரில் ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் ஆகிய ஊர்களில் சில நாட்களுக்குள் ஏறக்குறைய 80 அங்குலம், அதாவது 2 மீட்டர் பனி விழுந்தது. இத்தகைய இடங்களில் வீட்டுப் பாதையைத் திறப்பதற்குச் சிறிய டிராக்டரில் ஸ்னோபுளோவரை, அதாவது திருகால் பனியை அள்ளிச் சுழலும் விசிறியால் குழாய் வழியே தூர எறியும் கருவியை, பூட்டி ஓட்டுவோர் பலர். உலர்ந்த பனியில் எளிதாக ஓடும் அதே இயந்திரம் ஈரப்பனியில் திணறும்போது, மெதுவாக ஓட்டுவதா, விசிறிக்கு ரப்பர் பட்டைகள் பொருத்துவதா, அகலம் குறைந்த ஸ்னோபுளோவரை வாங்குவதா, டிராக்டரையே மாற்றுவதா என்ற கேள்வி எழுகிறது. இவை ஒரே நோய்க்கான நான்கு மருந்துகள் அல்ல என்பதால், முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும்.

கவனிக்க வேண்டியது என்ஜினின் சுற்று வேகம். பனிக்குள் நுழைந்ததும் என்ஜின் ஒலி தாழ்ந்து சுற்று குறைந்தால், சுமை திறனை மிஞ்சிவிட்டது என்று பொருள். என்ஜின் முழுச் சுற்றில் இருக்கும்போதே பனி பறக்காமல் நின்றால், குற்றம் வேறிடத்தில் இருக்கிறது: பனியை அள்ளும் திருகுக்கு விசையைக் கடத்தும், மிகைச் சுமையில் தானே அறுந்துவிடும் ஷியர் போல்ட் அறுந்திருக்கலாம், பெல்ட்டால் இயங்கும் வகையானால் பெல்ட் வழுக்கலாம், அல்லது பனி வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மிகக் குறைந்த பனியிலேயே என்ஜின் சோர்ந்தால் எரிபொருளைப் பார்க்க வேண்டும். கோடைக்கால டீசலில் கடுங்குளிரில் மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

சுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டால் மற்றவை தெளிவாகும். 1.5 மீட்டர் அகலமுள்ள ஸ்னோபுளோவர், 30 செ.மீ. ஆழப் பனியில், மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் நொடிக்குக் கால் கனமீட்டர் பனி உள்ளே வருகிறது. கனமீட்டருக்கு 100 கிலோ எடையுள்ள புதுப்பனியானால் அது 25 கிலோ. 300 கிலோ எடையுள்ள ஈரப்பனியானால் 75 கிலோ. 60 செ.மீ. விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 540 முறை சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு 17 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தைப் பனிக்கு ஊட்ட மட்டும் முதல் வகைக்கு 5 குதிரைத்திறன், இரண்டாவதற்கு 15 குதிரைத்திறன் வேண்டும். விசிறியின் அலகு (தகடு) பனியில் மோதும்போது ஏறக்குறைய அதே அளவு வீணாவதால், உண்மைத் தேவை 10 என்றும் 30 என்றும் இரட்டிக்கிறது. பி.டி.ஓ. தண்டில் (என்ஜினின் விசையைப் பூட்டிய கருவிக்குத் தரும் சுழல்தண்டில்) 20 குதிரைத்திறன் தரும் டிராக்டர் முதலாவதைச் சிரமமின்றிச் செய்யும், இரண்டாவதில் நிச்சயம் திணறும். ஆனால் நகரும் வேகத்தை மணிக்கு 1 கி.மீ. ஆக்கினால் அந்த 30 உடனே 15 ஆகிவிடுகிறது.

ஆகவே முதலில் முயல வேண்டியது செலவில்லாத வழியே. ஆனால் அதைச் செய்யும்போது ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கக் கூடாது; விசிறி முழுச் சுற்றில் இருக்க, சக்கரம் மட்டும் மெதுவாக உருள வேண்டும். பி.டி.ஓ. 540 சுற்றிலிருந்து 450 ஆக இறங்கினாலே பனி விழும் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, குழாய் அடைக்கத் தொடங்குகிறது. சேற்று வயலில் ரோட்டவேட்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

இங்கேதான் டிராக்டர்களுக்கிடையிலான வேறுபாடு உண்மையில் உறைக்கிறது. பின்பக்கம் பூட்டிய ஸ்னோபுளோவரைப் பெரும்பாலும் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் போன்ற பழைய டிராக்டரில் ரிவர்ஸ் கியர் ஒன்றே ஒன்றுதான், அதில் ஊர்ந்து செல்லும் வேகம் கிடைக்காது. கிளட்ச்சை மிதித்து வண்டியை நிறுத்தினால் பி.டி.ஓ.வும் நின்று, விசிறி பனி நிறைந்தபடியே நின்றுவிடுகிறது. தனித்து இயங்கும் பி.டி.ஓ. உள்ள கியர் டிராக்டரில் இந்தத் தொல்லை இல்லை. கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை உருட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகையில் மிதியைச் சற்றுத் தளர்த்தினாலே வேகம் தேவையான அளவுக்குக் குறைகிறது. அது தன் பங்குக்குக் கொஞ்சம் திறனை விழுங்கினாலும், ஈரப்பனிக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட் 1920களில் உருவாக்கிய ஸ்னோபுளோவரிலேயே வண்டி நகர ஓர் என்ஜினும் பனி வீசத் தனி என்ஜினும் இருந்தன. இரண்டு வேகங்களையும் பிரிக்க வேண்டும் என்ற தேவை அவ்வளவு பழையது.

வேகத்தை மேலும் குறைக்க இயலாதபோது, பாதி அகலத்தை மட்டும் பனியில் நுழைத்து இருமுறை ஓட்டலாம். அகலம் குறைந்த ஸ்னோபுளோவரும் இதே பலனைத் தருகிறது, ஆனால் பின்சக்கரங்களின் வெளிவிளிம்பைவிட அது குறுகினால் சக்கரம் பனிச்சுவரில் ஏறும். ஆகையால் அதற்குப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

ரப்பர் பட்டைகள்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. விசிறியின் அலகுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவை அடைப்பதால், கூழ்போன்ற பனி அங்கே தேங்காமல் வெளியே எறியப்படுகிறது. என்ஜின் முழுச் சுற்றில் இருந்தும் குழாய் அடைக்கும் இயந்திரத்துக்கு இது மிக நல்ல தீர்வு. என்ஜினே திணறும் இயந்திரத்துக்கோ இது சுமையைக் கூட்டிவிடும், ஏனெனில் முன்பு வழுவிய பனியையும் இப்போது விசிறியே எறிய வேண்டியிருக்கிறது.

முன்பக்கம் பூட்டுவதா, பின்பக்கம் பூட்டுவதா என்பது பெரும்பாலும் கழுத்து வலி பற்றிய தேர்வு. பின்னோக்கி ஓட்டும் வகையில் சக்கரம் மிதிக்கும் முன்பே பனி அள்ளப்படுவது நன்மை; முன்னோக்கி இழுத்துச் செல்லும் தலைகீழ் வகையில் சக்கரம் முதலில் பனியை மிதித்து இறுக்குவதால், திணறும் டிராக்டருக்கு அது பொருந்தாது.

அடைப்புக்கு இன்னொரு காரணம் சூடான கொட்டகை. வெப்பமான இரும்பில் பட்ட பனி உருகி, மீண்டும் உறைந்து, அடுத்து வருவதைப் பிடித்துக்கொள்கிறது. எனவே ஸ்னோபுளோவரை வெளியில் நிறுத்திக் குளிரவைத்த பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. அப்படியும் குழாய் அடைத்தால், பி.டி.ஓ.வை விடுவித்து, என்ஜினை அணைத்து, தண்டு முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்த்த பின்னரே இறங்க வேண்டும். பனியைக் கட்டையால் குத்தி எடுக்க வேண்டும், கையை ஒருபோதும் உள்ளே விடக் கூடாது.